களிமண்ணின் குணம் கண்ட கார்ல் டெர்சாகி

பூமிக்கடியில் ரயில் ஓட வேண்டுமானால் முதலில் ஆழமாகப் பள்ளம் தோண்ட வேண்டும். இரு பக்கமும் சரிந்து விடாதபடி குறுக்கே இரும்பு உத்திரங்களை முட்டுக் கொடுத்துத்தான் தொழிலாளர்கள் கீழே இறங்குகிறார்கள். அந்த முட்டு தாங்குமா, அடிமண் நிற்குமா என்று கணக்கிட வழி காட்டியவர்களில் முதன்மையானவர் கார்ல் டெர்சாகி.

1883-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பிராக் நகரில் ராணுவ அதிகாரி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தார். கட்டுமான வேலைகளில் இறங்கிய பிறகு ஒரு குறை அவரை உறுத்தியது. இரும்புக்கு நம்பகமான கணக்கு இருந்தது; மண்ணுக்கோ பெரும்பாலும் ஊகமே இருந்தது. 1912-ல் அமெரிக்கா சென்று அணை வேலைகளைப் பார்த்துக் குறிப்புகள் திரட்டினார். அவை போதவில்லை. ஏமாற்றத்தோடு திரும்பினார்.

முதல் உலகப் போர்க் காலத்தில், 1916-ல், இஸ்தான்புல்லில் ஆசிரியரானார். போருக்குப் பின் அங்கேயே ராபர்ட் கல்லூரியில் பணியாற்றினார். வசதியான ஆய்வுக்கூடம் இல்லை. கிடைத்த பழைய சாமான்களைக் கொண்டு கருவிகள் செய்து மண்ணைச் சோதித்தார். ஈரக் களிமண்ணின் மேல் பாரம் ஏற்றினால் முதலில் அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் நீர். அந்த நீர் மெல்லக் கசிந்த பிறகே பாரம் மண் துகள்கள் மேல் இறங்குகிறது என்று கண்டார். 1925-ல் வெளிவந்த அவரது நூலோடு மண் இயக்கவியல் தனித் துறையாக நிலைபெற்றது.

1938-ல் அமெரிக்காவில் குடியேறினார். அந்த ஆண்டில் சிகாகோவில் களிமண்ணுக்குள் சுரங்க ரயில் பாதை வேலை தொடங்கியது. அவர் ஆலோசகரானார். அவரது பிரதிநிதியாக ரால்ஃப் பெக் என்ற இளம் பொறியாளர் வேலைத்தலத்திலேயே இருந்தார். முட்டு உத்திரங்களின் மேல் விழும் பாரம் அளக்கப்பட்டது. பழைய கணக்குப்படி மேல் முட்டுக்குப் பாரம் மிகக் குறைவு. அளவீடு வேறு கதை சொன்னது. மேல் முட்டுகளும் பெரும் பாரம் சுமந்தன. ஒன்று முறிந்தால் அதன் பாரம் அடுத்ததன் மேல் விழும். பிறகு வரிசையாகச் சரியும்.

1943-ல் வெளியிட்ட நூலில் மற்றோர் ஆபத்தையும் விளக்கினார். பிசைந்த மாவை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும் அல்லவா? அதுபோல, வெளியே உள்ள மண்ணின் எடையால் பள்ளத்தின் அடி மேலே எழும்பலாம். உதாரணமாக, மெத்தென்ற களிமண் சதுர மீட்டருக்கு இரண்டரை டன் வரை வழுக்காமல் பிடித்து நிற்கும் என்று வைப்போம். அதன் 5.7 மடங்கு சுமார் 14 டன். ஒரு கன மீட்டர் மண் 1.8 டன் எடை. பக்க மண்ணின் பிடிமானத்தை விட்டுவிட்டால், 8 மீட்டர் ஆழத்தை நெருங்கும்போதே அடி எழும்பிவிடும். அதனால் அதற்கு வெகு முன்பே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

1963 அக்டோபர் 25-ந் தேதி, 80-வது வயதில் அவர் காலமானார். பிறகு நம் கல்கத்தாவின் மெத்தென்ற களிமண்ணில், முதலில் கான்கிரீட் சுவர் இறக்கி, தோண்டத் தோண்ட முட்டுக் கொடுத்து மெட்ரோ பாதை அமைத்தார்கள். 1984 அக்டோபர் 24-ந் தேதி அதில் முதல் ரயில் ஓடியது.

அளந்தால் மட்டும் போதாது, அளவுக்குச் செவி சாய்க்கவும் வேண்டும். 2004 ஏப்ரல் 20-ந் தேதி சிங்கப்பூரில், நிகால் நெடுஞ்சாலையை ஒட்டி ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் மாண்டனர். முட்டுகளின் இணைப்புகள் பலவீனமாக இருந்தன; கருவிகள் தந்த எச்சரிக்கைகளும் உரியபடி மதிக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரிய வந்தது.

தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிப்பதும், அடுத்த முட்டு வைக்காமல் மேலும் தோண்டுவதும் ஆபத்தை வரவழைப்பதாகும். இதை மேஸ்திரியும் மறக்கலாகாது, மேலதிகாரியும் மறக்கலாகாது. மண்ணை நம்பாதே, அளந்து பார் என்பதே டெர்சாகியின் வாழ்க்கை சொல்லும் பாடம். பள்ளத்தில் இறங்குபவரின் உயிர் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.