தொகுப்பி தந்த கிரேஸ் ஹாப்பர்

கணினித்துறையில் பயிலும் நண்பர்களிடம் கிரேஸ் ஹாப்பரைப் பற்றிக் கேட்டால் பூச்சிக் கதையைத்தான் சொல்வார்கள். 1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினிக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. நிரற்பிழைக்கு 'பக்' என்ற பெயர் அதனால்தான் வந்தது என்பார்கள். பூச்சி சிக்கியது உண்மை. ஆனால் அதைக் கண்டெடுத்தவர் ஹாப்பர் அல்லர். அந்தச் சொல்லும் அதற்கு முன்பே பொறியாளர்களிடையே வழங்கி வந்ததுதான். அவரை நாம் நினைவுகூர வேண்டிய காரணம் வேறு.

சென்ற விடுமுறையில் நெட்ஹேக் என்ற விளையாட்டை மூல நிரலிலிருந்து தொகுத்துப் பார்த்தேன். 1987-இல் வெளிவந்தது, சி மொழியில் எழுதப்பட்டது. அதன் நிரல் முழுவதையும் எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம். என் மடிக்கணினியில் லினக்ஸ், அறைத்தோழனுடையதில் விண்டோஸ். இரண்டிலும் அதே விளையாட்டு ஓடியது. யூனிக்ஸ், விண்டோஸ், அமிகா என ஒவ்வொரு தளத்துக்கும் உரிய கோப்புகளைத் தனியே பிரித்து வைத்திருக்கிறார்கள். மற்றவை எல்லாம் பொது. இந்த வசதி ஒரு காலத்தில் நடக்கவே நடக்காத காரியமாகக் கருதப்பட்டது.

ஹாப்பர் 1906 டிசம்பர் 9-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். சிறுமியாக இருந்தபோது, கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் பிரித்துப் போட்டாராம். யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் கற்பித்தார். போர்க்காலத்தில், 1943-இல், கடற்படையில் சேர முன்வந்தார். உடல் எடை 15 பவுண்டு குறைவாக இருந்ததால் தனி விலக்குப் பெற்றே சேர முடிந்தது.

ஹார்வர்டில் அவருக்காகக் காத்திருந்தது 51 அடி நீள மார்க் 1. கட்டளைகளைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவர் எழுதிய துணைநிரல் இன்னொருவருக்குத் தேவைப்பட்டால் குறிப்பேட்டிலிருந்து கையால் படியெடுக்க வேண்டும். அப்படிப் படியெடுக்கும்போதுதான் பிழைகள் நுழைந்தன. படியெடுக்கும் வேலையை இயந்திரமே செய்யட்டும் என்பது ஹாப்பரின் எண்ணம்.

1949-இல் பிலடெல்பியாவில் யுனிவாக் கணினியை உருவாக்கிய நிறுவனத்தில் சேர்ந்தார். 1952-இல் ஏ-0 பிறந்தது. காந்த நாடாவில் இருந்த துணைநிரல்களை எண் சொல்லி அழைத்தால், அவற்றைத் தேடியெடுத்து, கோத்து, ஒரே நிரலாக்கித் தரும். தொகுப்பி என்று நாம் வழங்கும் சொல் இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம்! ஒரு சிக்கல் இருந்தது. பின்னால் வரப்போகும் துணைநிரலுக்குத் தாவ வேண்டுமானால் அதன் முகவரி அப்போது தெரியாது. கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய ஹாப்பருக்கு, முன்னால் இருப்பவருக்குப் பந்தை வீசுவது நினைவுக்கு வந்தது. நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, தாவலை முதலில் அங்கே அனுப்பினார். உரிய துணைநிரல் வந்து அமர்ந்ததும் அந்த மூலையிலிருந்து அதற்கு மற்றொரு தாவல்.

கணினி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று பலரும் நம்ப மறுத்தார்கள். அடுத்து, ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடும் மொழியை முன்மொழிந்தார். சொற்களை மாற்றினால் போதும் என்று காட்ட, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டினார். மேலதிகாரிகள் திடுக்கிட்டார்கள். பிலடெல்பியாவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சு எப்படிப் புரியும் என்பது அவர்கள் கவலை! இயந்திரத்துக்கு எந்த மொழியும் தாய்மொழி இல்லை என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வதாக உறுதியளித்தே அவர் பணியைத் தொடர வேண்டியிருந்தது. அப்படி உருவானதே ஃப்ளோமாட்டிக்.

அதை முக்கிய அடிப்படையாகக் கொண்டு எழுந்தது கோபால் மொழி. (நம்மூர்ப் பெயர்போல ஒலிப்பது தற்செயல்.) அதை வடிவமைத்தது ஒரு குழு, ஹாப்பர் அதன் ஆலோசகர்களுள் ஒருவர். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரலைச் சிறு மாற்றங்களோடு ஆர்சிஏ 501, யுனிவாக் 2 ஆகிய இரு வேறு கணினிகளில் ஓட்டிக் காட்டினார்கள். மூல நிரல் ஓர் இயந்திரத்தின் கட்டிலிருந்து விடுபட்டு நின்றதை அங்கே கண்கூடாகப் பார்த்தார்கள்.

என் பார்வையில், இதற்குப் பிறகு அவர் செய்த பணி இன்னும் பெரியது. ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தன் விருப்பப்படி வளைக்கத் தொடங்கியதால், ஒரு கணினிக்கு எழுதியது மறுபடியும் மற்றொன்றில் ஓட மறுத்தது. 1966-இல் ஓய்வுபெற்ற ஹாப்பரைக் கடற்படை அடுத்த ஆண்டே ஆறு மாதப் பணிக்கு என்று திரும்ப அழைத்தது. தொகுப்பிகள் பொது விதிப்படி நடக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை நிரல்களை அவர் குழு உருவாக்கியது. சோதனை எழுதுவது புகழ் தரும் வேலை அன்று. அது இல்லையென்றால் பொதுமொழி பெயருக்குத்தான் பொதுமொழியாக இருந்திருக்கும்.

அந்த ஆறு மாதம், நடுவில் ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, 1986 வரை நீண்டது. 79 வயதில் ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்றார். விழா பாஸ்டனில், கான்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் போர்க்கப்பலின் மேல்தளத்தில் நடந்தது. அதன் பிறகும் ஒரு கணினி நிறுவனத்தின் ஆலோசகராகப் பணியாற்றிய அவர், 1992 ஜனவரி முதல் நாள் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.