சவேரியாரை அழைத்து வந்த ஆளுநர்

புனித சவேரியாரை அறியாத குழந்தை நம் முத்துக்குளித்துறையில் இராது. ஆனால் அவரைத் தம் கப்பலில் ஏற்றி வந்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். மார்த்தீன் அல்போன்சு தெ சூசா என்பது அவர் பெயர். அவரைப் பற்றி இம்மலரில் எழுத முற்படுவது நன்றிக்காக மட்டுமன்று. நம் கணக்கை நேர் செய்து கொள்ளவும்தான்.

போர்த்துக்கல் நாட்டின் பிரபு குடும்பத்தில் பிறந்த சூசா, 1532-இல் பிரேசில் நாட்டில் சான் வின்சென்ட் என்னும் குடியேற்றத்தை நிறுவினார். 1534-இல் இந்தியக் கடற்படைத் தலைவராக இங்கு வந்தார். அக்காலத்தில்தான் நம் பரதகுல முன்னோர், முத்துச் சலாபத்தின் உரிமை குறித்து எழுந்த பகையினால் அல்லலுற்று, கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டு ஞானஸ்நானமும் பெற்றனர். 1538-இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் பட்டு மரைக்காயரின் கடற்படையைச் சூசா முறியடித்தார். நம் கரைக்கு அது பெரிய ஆறுதல். அதன்பின் அவர் தாயகம் திரும்பினார்.

மறுமுறை அவர் வந்தது ஆளுநராக. 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டவர், மொசாம்பிக்கில் தங்கி, 1542 மே 6-இல் கோவா சேர்ந்தார். உடன் வந்தவர் சவேரியார். அவ்வாண்டு அக்டோபரிலேயே சவேரியார் நம் கரைக்கு வந்துவிட்டார். உபதேசியார்களுக்கென ஆண்டுக்கு 4000 பணம் ஒதுக்க ஆளுநர் இசைந்தார். போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்காக நம் கரையில் வசூலித்த பணம் அது என்பர். மீனவரின் காசு மீனவரின் பிள்ளைகளுக்கே திரும்பியது நல்லதே.

ஆயினும் ஒன்றை மறைப்பது நமக்கு அழகன்று. 1543-இல் கொல்லத்துக்கு அருகில் தேவலக்கரைக் கோயிலைக் கொள்ளையிட்டதும் இதே ஆளுநரின் படைதான். பிறர் வழிபடும் இடத்தைச் சூறையாடிய செயலை அன்றைய வழக்கம் என்று சொல்லி நாம் தள்ளிவிட இயலாது.

1544-இல் தென்கோடி எங்கும் குழப்பம். அரசர்கள் தமக்குள் பொருதனர். விசயநகரத்தின் வடுகர் படையும் இறங்கியது. ஜூன் மாதம் குமரி முனைக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். ஆளுநரின் கப்பல் எதுவும் வரவில்லை. மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்பட்டவர் சவேரியார். காற்று எதிர்த்து அடித்ததால் கடல்வழி கைகூடவில்லை. கால்நடையாகவே சென்று சேர்ந்தார்.

செப்டம்பரில் தூத்துக்குடியின் முறை. இங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவர் கோஸ்மே தெ பாய்வா, மக்களைக் காப்பதைவிடக் குதிரை வியாபாரத்திலேயே கண்ணாயிருந்தவர். அவருடைய கப்பலும் வீடும் தீக்கிரையாயின. அவரும் நம் ஊராரும் எதிரேயுள்ள தீவுகளில் ஒதுங்கினர். அவரால் மிகவும் மனம் நொந்திருந்த சவேரியார், அவருக்கும் சேர்த்தே உணவும் தண்ணீரும் அனுப்பும்படி புன்னைக்காயலுக்குச் சொல்லியனுப்பினார். கொம்புத்துறை, வேம்பாறு பட்டங்கட்டிகளுக்கும் அவ்வாறே எழுதினார். தோணிகளைத் தள்ளியவர்கள் நம் பாட்டன்மார்.

அவ்வாண்டிலேயே மன்னாரில் புதுக்கிறிஸ்தவர்களை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் வெட்டிக் கொன்றான். அறுநூறு பேர் என்பது மரபு. ஆளுநர் வெகுண்டு, நாகப்பட்டினத்தில் கப்பல்கள் கூடும்படி கட்டளையிட்டார். 1545-இல் சவேரியாரும் அங்கு போய்க் காத்திருந்தார். அந்நேரம் பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கீசியக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரை தட்டியது. சரக்கு மன்னன் கைவசமாயிற்று. சரக்கை மீட்கும் கவலையில் படையெடுப்பு நின்றது. மன்னார் இரத்தத்தைவிட பெகுச் சரக்கு எடை மிகுந்துவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது. படையெடுத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் மாண்டிருப்பரோ, அதையும் நினைக்கத்தான் வேண்டும்.

சவேரியார் நாகப்பட்டினத்தை விட்டு, அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையில் ஜெபிக்க மயிலாப்பூர் சென்றார், அங்கிருந்து மலாக்கா. அவ்வாண்டு செப்டம்பரில் சூசா ஆளுநர் பதவியை யுவான் தெ காஸ்த்ரோவிடம் ஒப்படைத்து நாடு திரும்பினார். அதன்பின் அவர் இந்தியாவுக்கு வரவில்லை.