இடக்கையால் வாசித்த மேதை: பழனி சுப்பிரமணிய பிள்ளை



கோடை விடுமுறை வந்தால் நம் வாழவந்திப் பக்கத்தில் தாளச் சத்தம் கூடிவிடும். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா மேளம் ஒரு பக்கம். விடுமுறைக்கு வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் வீட்டில் மிருதங்கம், தபேலா, டிரம்ஸ் என்று தட்டிப் பழகும் சத்தம் இன்னொரு பக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தால், அல்லது ஓய்வுபெற்றபின் நீங்களே தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இந்த இதழில் சொல்லப்போகும் வாழ்க்கை உங்களுக்கானது.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பெயரை நம்மில் மூத்தவர்கள் வானொலிக் காலத்திலிருந்தே அறிவீர்கள். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி, இவர் ஆகிய மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்று இசை உலகம் சொல்லும். அந்த இடத்தைப் பிடித்தவருக்குத் தொடக்கமே தடையாக இருந்தது. காரணம், அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர்.

தவில்காரர் வீட்டுப் பிள்ளை

அவர் பிறந்தது 1908இல், பழனியில். தந்தை பழனி முத்தையா பிள்ளை பெரிய லய வித்வான், தவில் கற்றவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் பாடம் கேட்டவர். இந்த வழியைப் புதுக்கோட்டைப் பாணி என்பார்கள். தவிலின் கம்பீரமும் கணக்கு வழக்கின் சுத்தமும் அதன் அடையாளம்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைக்குத் தொழில் எது என்ற கேள்வியே இல்லை. தந்தையின் வித்தை மகனுக்கு வரும். ஆனால் சிறுவன் சுப்பிரமணியத்துக்கு எதை எடுத்தாலும் இடக்கைதான் முன்னே வந்தது. தந்தைக்கு அது பெருங்குறையாகப் பட்டது. வலக்கைக்கு மாற்றப் பார்த்தார். பிள்ளையின் கை மாறவில்லை. மனம் சலித்துப்போன தந்தை சில காலம் அவனுக்குச் சொல்லித்தருவதில் அக்கறை காட்டவில்லை என்றும், வீட்டில் நடந்த பாடங்களைக் காதால் கேட்டே பிள்ளை பழகினான் என்றும் இசை வட்டாரத்தில் சொல்வார்கள்.

தந்தையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இடக்கையால் சாப்பிடக் கூடாது, கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று வளர்ந்த சமூகம் இது. கோயிலிலும் கல்யாணத்திலும் வாசித்துப் பிழைக்க வேண்டிய பிள்ளை ஊரார் கண்ணுக்கு எப்படித் தெரிவானோ என்ற கவலை அவருக்கு இருந்திருக்கும்.

கை மாறினால் என்ன ஆகும்?

மிருதங்கம் அறியாதவர்களுக்காக இங்கே ஒரு சிறு விளக்கம்.

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். சிறிய முகம் வலந்தலை. அதன் நடுவில் கருப்பாக ஒரு வட்டம் தெரியுமே, அதைச் சோறு அல்லது கரணை என்பார்கள். சுருதி சேர்ப்பது இந்தப் பக்கத்தில்தான். பெரிய முகம் தொப்பி. வாசிக்கும் முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்புவார்கள். அதனால்தான் அந்தப் பக்கத்தில் கனமான நாதம் வருகிறது. வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

முதல் நாள் பாடம் தா, தீ, தோம், நம் என்ற நான்கு சொற்கள். தா என்பது தொப்பியில் மூடிய அடி. தீ என்பது வலந்தலையின் நடுவில். தோம் என்பது தொப்பியில் திறந்த அடி. நம் என்பது வலந்தலையின் ஓரத்தில் ஆள்காட்டி விரல். கவனித்துப் பாருங்கள்: ஒரு கை, மறு கை, மீண்டும் அந்தக் கை, மீண்டும் மறு கை. முதல் பாடமே இரண்டு கைக்கும் சம வேலை கொடுக்கிறது. முதலில் வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, பிறகுதான் வாத்தியத்தில் வாசிக்க வேண்டும். அதையே ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் கூட்டிப் பழக வேண்டும்.

இடக்கைக்காரர் வாசித்தால் வாத்தியத்தைத் திருப்பி வைத்துக்கொள்வார். வலந்தலை இடக்கைக்கும் தொப்பி வலக்கைக்கும் வந்துவிடும். சொல் அதேதான், நாதம் அதேதான், கணக்கும் அதேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தக் கை என்று சொல்ல முடியாது.

சிறுவன் சுப்பிரமணியம் அப்படித்தான் பழகினான். விடாமல் உழைத்தான். பிற்பாடு தந்தையின் மனமும் இளகியது, பாடமும் கிடைத்தது. மான்பூண்டியா பிள்ளையின் புகழ்பெற்ற சீடரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடமும் அவர் கற்றார். மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அந்த இரண்டு வாத்தியமும் சுப்பிரமணிய பிள்ளைக்கும் கைவந்தன.

உட்காரும் இடத்தில் வந்த சிக்கல்

வித்தை வந்துவிட்டது, வாய்ப்பு வரவில்லை. இதற்கும் இடக்கைதான் காரணம்.

கர்நாடக இசை மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது அவருடைய வலக்கை, அதாவது வலந்தலை, சபையோர் பக்கம் இருக்கும். நாதம் நேராக மக்களிடம் போகும். எதிரே வயலினின் ஒலி வரும் பக்கமும் அதேபோல் சபையோரை நோக்கியிருக்கும்.

இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்பக்கம் போய்விடும். ஆகவே அவர் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். அப்படியானால் வயலின்காரர் வலப்பக்கம் மாற வேண்டும். மாறினால் வயலினின் ஒலி பின்பக்கம் திரும்பும், வில் பிடித்த கைதான் சபையோருக்கு முன்னால் நிற்கும். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வயலின்காரர்கள் தயங்கினார்கள், சிலர் மறுத்தார்கள். எதற்கு வம்பு என்று சபாக்காரர்களும் வேறு ஆளைத் தேடுவார்கள். நன்றாக வாசிக்கும் இளைஞர், உட்கார இடமில்லாத காரணத்தால் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். இளைஞர்களைத் தூக்கிவிடுவதில் பெயர்பெற்ற பாடகர் அவர். தமது கச்சேரிகளுக்கு சுப்பிரமணிய பிள்ளையை அழைத்தார். வயலின்காரர் இடம் மாறி உட்காரத்தான் வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். பெரிய பாடகர் ஒருவர் அப்படி நின்றபின் மற்றவர்களின் தயக்கமும் மெல்லக் கரைந்தது. மேடை ஏறியதும் மிச்சத்தை அவர் கையே பார்த்துக்கொண்டது.

குடியிருப்போர் நலச் சங்கத்தில் இருக்கும் நமக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். ஒருவருக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் இன்னொருவர் கொஞ்சம் நகர வேண்டும். யாராவது ஒருவர் முன்வந்து அதைக் கேட்கவும் வேண்டும்.

கும்கியும் கஞ்சிராவும்

அவர் வாசிப்பின் சிறப்பு என்று ரசிகர்கள் முதலில் சொல்வது கும்கி. தொப்பியில் அடித்த கையோடு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி நகர்த்தினால் நாதம் ஏறி இறங்கும். புறா குமுறுவது போன்ற ஓசை. அதைத்தான் கும்கி என்கிறோம். மற்றவர்கள் இடக்கையில் செய்ததை அவர் வலக்கையில் செய்தார். அளவாக, பாட்டுக்கு எங்கே தேவையோ அங்கே செய்தார். இன்றைக்கும் மிருதங்கம் பயில்பவர்கள் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்பது இதற்காகத்தான்.

இன்னொன்று, கணக்கு. புதுக்கோட்டைப் பாணியில் வந்தவரிடம் கணக்குக்குக் குறைவிருக்காது. ஆனால் கேட்பவரைக் குழப்பும்படி அவர் அதைக் கொட்டியதில்லை. பாட்டின் நடையை விட்டு விலகாமல் நேராக ஓடும் சர்வலகு வாசிப்பே அவருக்கு அடித்தளம். ஆலத்தூர் சகோதரர்கள், ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்றோரின் கச்சேரிகளில் அவர் வாசிப்பு தனியாகத் தெரிந்தது.

கஞ்சிராவிலும் அவர் பெரிய ஆள். கஞ்சிராவுக்கு ஒரே முகம், ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிப்பது. எந்தப் பக்கம் உட்காருவது என்ற சிக்கலே அதில் கிடையாது. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கமும் இவர் கஞ்சிராவும் வாசித்த கச்சேரிகளை அந்தத் தலைமுறை ரசிகர்கள் மறக்கவில்லை. மணி ஐயர் தஞ்சாவூர் பாணி, இவர் புதுக்கோட்டைப் பாணி. இருவரும் சம வலிமை உள்ளவர்கள். ஒருவருக்கொருவர் மதிப்பும் வைத்திருந்தார்கள்.

சொல்லிக்கொடுத்த குரு

அவரிடம் படித்தவர்களில் உலகம் அறிந்தவர் திருச்சி சங்கரன். உறவினர் ஒருவரிடம் முதல் பாடம் கற்று, பின் சுப்பிரமணிய பிள்ளையிடம் வந்து சேர்ந்தவர். 1955இல், 13 வயதில், ஆலத்தூர் சகோதரர்கள் பாட, குருவும் கூட இருந்து வாசிக்க, அவருடைய அரங்கேற்றம் நடந்தது.

சங்கரன் வலக்கைக்காரர், குரு இடக்கைக்காரர். எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் குருவின் கை சீடனுக்குக் கண்ணாடியில் தெரியும் தன் கை போலவே இருக்கும். ஒரு காலத்தில் குறை என்று சொல்லப்பட்ட அதே கை, பாடம் நடத்தும்போது வசதியாக அமைந்துவிட்டது. அதைவிட முக்கியம், தன் சீடனிடம் கையை மாற்று என்று குரு சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

சுப்பிரமணிய பிள்ளை 1962 மே மாதம் காலமானார். வயது 54தான். மிருதங்க வித்வான் ஒருவருக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 1966இல், மணி ஐயருக்கு. அந்தக் காலத்தைப் பார்க்க இவர் இல்லை. ஆனால் சங்கரன் 1971இல் கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசையைக் கற்பிக்கத் தொடங்கினார். 2011இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். பழனியில் ஒரு சிறுவன் காதால் கேட்டுப் பழகிய பாடம் கடல் கடந்து போய்ச் சேர்ந்தது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். நம் குடியிருப்பிலும் இருப்பார்கள். பீட்டில்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிங்கோ ஸ்டாரும் பிறவியில் இடக்கைக்காரர்தான். பாட்டி அவரை வலக்கையால் எழுதப் பழக்கினார். பிறகு வலக்கைக்காரருக்காக அடுக்கிய டிரம்ஸிலேயே உட்கார்ந்து வாசித்தார். கை இடமிருந்து வலமாக ஓட முடியாததால் வந்த நடையே அவருடைய தனி முத்திரையாயிற்று. ஒருவர் வாத்தியத்தைத் திருப்பி வைத்தார், இன்னொருவர் இருந்ததை இருந்தபடியே தன் கைக்குப் பழக்கிக்கொண்டார். இரண்டு வழியும் சரிதான். எது வசதி என்பதைப் பிள்ளையின் கை சொல்லட்டும். வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே ஆசிரியரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

இன்னும் சில குறிப்புகள். தினமும் அரை மணி நேரம் பழகுவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் தட்டுவதைவிட மேல். வேகத்துக்கு அவசரம் வேண்டாம், ஒன்றாம் காலம் சுத்தமாக வரட்டும். நம் மலையில் மழைக்காலத்து மூட்டமும் ஈரமும் தோல் வாத்தியத்துக்கு ஆகாது. தோல் தளர்ந்து சுருதி இறங்கும். உறை போட்டு, தரையில் வைக்காமல், உலர்ந்த அறையில் வையுங்கள்.

பயிற்சி நேரத்தைப் பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மதியத் தூக்க நேரத்தையும் இரவையும் தவிர்த்தால் போதும். பக்கத்து வீட்டாரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எல்லார் கையிலும் தா, தீ, தோம், நம் கரடுமுரடாகத்தான் விழும்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கச்சேரிப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஒரு மாலை பிள்ளைகளோடு உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கை வலந்தலையில் விழுகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.