ஹென்றி ஃபோர்டு

மாரிக்காலத்தில் குருவிநத்தம் முதலிய பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களின் மண்பாதைகளில் மாட்டுவண்டி சேற்றிற் புதைய, உரிய காலத்திற் சந்தை சேர இயலாது வருந்திய உழவர் பலர். அமெரிக்க உழவர்க்கும் அவ்வருத்தம் ஒரு காலத்தில் இருந்தது. அதனை நீக்கும் ஊர்தியைச் செய்தளித்தவர், தாமும் உழவர் மகனாகிய ஹென்றி ஃபோர்டு என்பார்.

இவர் மிச்சிகன் மாகாணத்து டியர்பார்ன் என்னும் ஊருக்கருகில் 1863ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிறந்தார். பன்னிரண்டு வயதிருக்கையில் அன்னையை இழந்தார். அவ்வாண்டிலேயே, குதிரை இழுக்காமல் நீராவியால் தானே சாலையில் நகர்ந்து வந்த பொறி ஒன்றைக் கண்டார். அக்காட்சி அவருள்ளத்தை விட்டகலவில்லை. 1879இல் கழனியை விட்டு டெட்ராய்ட் நகரை அடைந்து பொறித்தொழில் பயின்றார். 1896இல், எடிசன் மின்விளக்குக் கம்பெனியில் அலுவல் பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் உழைத்துத் தம் முதல் வண்டியை ஓட்டினார். பின்னர்த் தொடங்கிய இரண்டு கம்பெனிகள் கைகூடவில்லை. எனினும் தளராது 1903இல் மூன்றாவதை நிறுவினார்.

1908இல் ‘மாடல் டி’ வெளிவந்தது. அதன் வகைகளுள் ஐவர் அமரத்தக்கதும், துணிக்கூரையை மடக்கத்தக்கதும் ‘டூரிங்’ வண்டியாகும். அடிப்பாகம் தரையினின்று உயர்ந்திருந்தமையால் அது சேற்றையும் பள்ளத்தையும் எளிதிற் கடந்தது. 1913இல், தொழிலாளி நின்றவிடத்திற்கே வண்டி நகர்ந்து வரும் முறையை அவர் ஏற்படுத்தவே, அடிச்சட்டம் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை சிறிது காலத்தில் ஒன்றரை மணியளவிற் சுருங்கிற்று. முதலில் 850 டாலர் பெற்ற டூரிங் வண்டி 1925இல் 290 டாலருக்குக் கிடைத்தது. 1914இல் நாட்கூலி 5 டாலராகவும், வேலை நேரம் எட்டு மணியாகவும் ஆயின. வண்டி செய்தவனே அதனை வாங்கவும் வல்லவனானான்.

ஆயினும் அவர் குறைகளை மறைத்தல் முறையன்று. கூலியை உயர்த்தியவர், தொழிலாளர் இல்வாழ்க்கையை வேவு பார்க்கவும் ஆள் வைத்தார். அவர்தம் சங்கத்தை 1941 வரை ஏற்க மறுத்தார். தம் பத்திரிகையில் யூதரை இழித்தெழுதச் செய்து, 1927இல் மன்னிப்புக் கோர நேர்ந்தது. புதிய வண்டி வேண்டுமெனப் பிறர் கூறியதையும் நெடுநாள் கேளாமையால், ஒன்றரைக் கோடி எண்ணிக்கை கண்ட ‘மாடல் டி’ விற்பனை குன்றி, அதே ஆண்டில் நின்றுபோயிற்று.

1941இல் அவர் காந்தியடிகளைப் போற்றிக் கடிதம் எழுதினார். அடிகள் தம் கையொப்பமிட்ட இராட்டை ஒன்றை அனுப்பினார். பேரியந்திரங்களின் தலைவர் அதனை அன்புடன் பெற்றுக்கொண்டார். 1947 ஏப்ரல் 7ஆம் நாள், ஆற்று வெள்ளத்தால் மின்சாரம் அற்ற இல்லத்தில், மெழுகுவர்த்தி ஒளியில் அவருயிர் பிரிந்தது.

நம் மறைமலைநகரிலும் அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை 2022 வரை வண்டிகள் செய்து, பல குடும்பங்களுக்குப் பிழைப்பளித்தது. ஊர்க்கும் ஊர்க்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைத்த அப்பெருமகனார், தமக்கும் தம் தொழிலாளர்க்கும் இடைப்பட்ட தொலைவைக் குறைக்க அறிந்திலர். பொறித்தொழில் பயில விழையும் மாணவர், அவரது விடாமுயற்சியைக் கைக்கொள்வதோடு, பிறர் சொற்கேட்கும் பண்பையும் உடன் பயில்வாராக.