கர்ட் பெட்சர்

கர்ட் பெட்சர் (ஜனவரி 7, 1944 - ஜூன் 14, 1987) ஓர் அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியரும் இசைத்தட்டுத் தயாரிப்பாளரும் ஆவார். 1960களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் செழித்த, பிற்காலத்தில் சன்ஷைன் பாப் என்று பெயர் பெற்ற மெல்லிசைப் பாணியின் முதன்மையான கலைஞர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். 1968 இல் தி மில்லேனியம் என்ற குழுவுடன் இவர் உருவாக்கிய "பிகின்" என்னும் இசைத்தொகுப்பு வெளிவந்த காலத்தில் விற்பனையாகவில்லை. இவரது மறைவுக்குப் பின்னரே அது இப்பாணியின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இளமையும் தொடக்க கால இசையும்

பெட்சர் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பிறந்தார். மினியாபொலிஸ் நகரில் வாழ்ந்தபோது தி கோல்ட்பிரையர்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடல் குழுவைத் தொடங்கினார். ஆண் குரல்களும் பெண் குரல்களும் பின்னிப் பிணைந்து ஒலிக்கும் அமைப்பே இக்குழுவின் தனித்தன்மை ஆகும். எப்பிக் நிறுவனம் 1964 இல் இவர்களின் இரண்டு இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. அவை பெரிய வெற்றி பெறவில்லை. எனினும், பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே கருவியைப் போல ஒலிக்கச் செய்யும் முறையை பெட்சர் இக்குழுவிலேயே பயின்றார். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படையாக அமைந்தது.

தயாரிப்பாளராகப் பெற்ற வெற்றி

கோல்ட்பிரையர்ஸ் கலைந்த பின்னர் பெட்சர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இசைத்தட்டுத் தயாரிப்பில் ஈடுபட்டார். 1966 இல் தி அசோசியேஷன் குழுவின் முதல் இசைத்தொகுப்பைத் தயாரித்தபோது அவருக்கு வயது 22. அத்தொகுப்பில் இருந்த "அலாங் கம்ஸ் மேரி" பில்போர்டு பட்டியலில் ஏழாம் இடத்தையும், "செரிஷ்" முதல் இடத்தையும் பிடித்தன. அதே ஆண்டில் டாமி ரோ என்ற பாடகருக்காக இவர் தயாரித்த "ஸ்வீட் பீ", "ஹூரே ஃபார் ஹேசல்" ஆகிய பாடல்களும் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன.

இவ்வளவு வெற்றிக்குப் பின்னரும் அசோசியேஷன் குழு தனது இரண்டாவது தொகுப்பை வேறொரு தயாரிப்பாளரிடம் ஒப்படைத்தது. பெட்சர் தாமே பாடிய தி பால்ரூம் என்ற குழுவின் இசைத்தொகுப்பும் அக்காலத்தில் வெளிவராமலே போயிற்று. பிறருக்காக இவர் செய்த பணி வெற்றி பெறுவதும், தமக்காகச் செய்தது முடங்கிப் போவதும் இவரது வாழ்வில் பலமுறை நிகழ்ந்தன.

கேரி அஷருடன் நட்பு

கொலம்பியா நிறுவனத்தின் தயாரிப்பாளரான கேரி அஷர், பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுடன் சேர்ந்து பாடல்கள் எழுதியவர். தி பேர்ட்ஸ் குழுவின் இசைத்தொகுப்புகளைத் தயாரித்தவர். ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் பெட்சரின் குரல் அமைப்புகளைத் தாமும் வில்சனும் கேட்டு வியந்ததாக அஷர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அஷரின் முயற்சியால் பெட்சர் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்தார்.

1967 இல் அஷர் சஜிட்டேரியஸ் என்ற பெயரில் "மை வேர்ல்ட் ஃபெல் டவுன்" என்ற தனிப்பாடலை வெளியிட்டிருந்தார். உண்மையில் அப்படி ஒரு குழு இருக்கவில்லை. கிளென் கேம்பல், புரூஸ் ஜான்ஸ்டன் முதலிய பாடகர்களைக் கூட்டி அஷர் அதை உருவாக்கியிருந்தார். இதன் தொடர்ச்சியாக ஒரு முழு இசைத்தொகுப்பு தேவைப்பட்டபோது பெட்சர் தம் பாடல்களையும், வெளிவராத பால்ரூம் ஒலிப்பதிவுகள் சிலவற்றையும் அளித்தார். இவ்வாறு உருவான "பிரசன்ட் டென்ஸ்" 1968 இல் வெளிவந்தது.

பிகின் இசைத்தொகுப்பு

சஜிட்டேரியஸ் பணி நடந்துகொண்டிருந்தபோதே பெட்சர் தமக்கென ஒரு குழுவை அமைத்தார். லீ மல்லோரி, சாண்டி சாலிஸ்பரி, மைக்கேல் ஃபென்னெல்லி, ஜோயி ஸ்டெக், டக் ரோட்ஸ், ரான் எட்கர் ஆகியோர் இதில் இணைந்தனர். ரோட்ஸும் எட்கரும் தி மியூசிக் மெஷின் என்ற ராக் குழுவில் இருந்தவர்கள். அதே குழுவைச் சேர்ந்த கீத் ஓல்சன், பெட்சருடன் இணைந்து தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பாடல் எழுதவும் பாடவும் வல்லவர்கள். ஆகவே இது ஒரு தனி மனிதரின் படைப்பாக அன்றிப் பலரின் பாடல்களைக் கொண்ட தொகுப்பாக அமைந்தது.

அக்காலத்தில் முன்னணி ஒலிப்பதிவுக்கூடங்களில் இருந்தவை எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவிகள் ஆகும். ஒவ்வொரு தடத்திலும் ஒரு குரலையோ இசைக்கருவியையோ தனியாகப் பதிவு செய்யலாம். எட்டும் நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து வேறொரு தடத்துக்கு மாற்றினால்தான் புதிய குரல்களுக்கு இடம் கிடைக்கும். அவ்வாறு மாற்றும் ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சல் கூடி ஒலியின் தெளிவு குறையும். கலந்துவிட்ட குரல்களை மீண்டும் பிரிக்கவும் இயலாது. குரல்களை அடுக்கிக்கொண்டே போகும் பெட்சரின் முறைக்கு இது பெரும் தடையாக இருந்தது.

இதற்குத் தீர்வாக இரண்டு எட்டுத் தடக் கருவிகள் ஒன்றாக இணைத்து ஓட்டப்பட்டன. இரண்டும் சற்றும் பிசகாமல் ஒரே வேகத்தில் ஓடவேண்டும் என்பதால் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை ஆகும். பதினாறு தட முறையில் பதிவான மிகத் தொடக்க கால இசைத்தொகுப்புகளுள் ஒன்றாக "பிகின்" குறிப்பிடப்படுகிறது. அடுக்கடுக்கான குரல்கள் இருந்தும் ஒவ்வொரு குரலும் தெளிவாகக் கேட்பதற்கு இம்முறை உதவியது. பாடல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுவிச் செல்லுமாறு கோக்கப்பட்டன. ஒலிப்பதிவு நீண்டுகொண்டே போனதால் செலவும் ஏறியது. கொலம்பியா நிறுவனம் அதுவரை தயாரித்தவற்றுள் மிகுந்த செலவு பிடித்த தொகுப்பு இதுவே என்று பரவலாகக் கூறப்படுகிறது.

வரவேற்பு

"பிகின்" ஜூலை 1968 இல் வெளிவந்தது. அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. சாலிஸ்பரி எழுதிய "5 ஏ.எம்." என்ற பாடல் பிலிப்பைன்ஸ் நாட்டில் மட்டும் புகழ் பெற்றது.

தோல்விக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அந்த ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், ஜூன் மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலேயே ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டனர். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. இளைஞர்களின் விருப்பம் கடினமான ராக் இசையின் பக்கம் திரும்பியிருந்தது. ராக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று மேடையேறி ரசிகர்களைச் சேர்த்த காலத்தில் மில்லேனியம் குழு ஒலிப்பதிவுக்கூடத்தைச் சார்ந்தே இயங்கியது. இரண்டாவது தொகுப்புக்கான பணிகள் நிறைவடையாமலே குழு கலைந்தது.

பிற்காலம்

1969 இல் பெட்சரும் அஷரும் ஓல்சனும் சேர்ந்து டுகெதர் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1973 இல் எலெக்ட்ரா நிறுவனம் பெட்சரின் "தேர்ஸ் ஆன் இன்னசன்ட் ஃபேஸ்" என்ற தனித் தொகுப்பை வெளியிட்டது. அதுவும் கவனம் பெறவில்லை. பிற்காலத்தில் தம் பெயரின் எழுத்துக்கூட்டலை, ஒலிப்புக்கு ஏற்ப அவர் எளிதாக்கிக்கொண்டார். எல்டன் ஜானின் "புளூ மூவ்ஸ்" (1976) தொகுப்பில் இவரது பின்னணிக் குரல் உள்ளது. 1979 இல் பீச் பாய்ஸ் குழுவின் பழைய பாடல் ஒன்றை ஏறத்தாழ பதினொரு நிமிட டிஸ்கோ பாடலாக மாற்றியமைப்பதில் புரூஸ் ஜான்ஸ்டனுடன் பணியாற்றினார். இம்முயற்சி அக்குழுவின் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

பெட்சர் ஜூன் 14, 1987 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் தமது 43 ஆவது வயதில் காலமானார்.

மறுமதிப்பீடு

1990களில் "பிகின்" குறுந்தட்டு வடிவில் மீண்டும் வெளிவந்தது. ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் இவரது இசைக்கு ஆர்வலர்கள் உருவாயினர். 2001 இல் சன்டேஸ்ட் நிறுவனம் மில்லேனியம், பால்ரூம் குழுக்களின் ஒலிப்பதிவுகளைத் திரட்டி "மேஜிக் டைம்" என்ற மூன்று குறுந்தட்டுத் தொகுப்பாக வெளியிட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிறுவனங்களின் நாடாக் கிடங்குகளில் கிடந்த பால்ரூம் பாடல்கள் இவ்வாறு கேட்போரை அடைந்தன. இதைக் காண பெட்சர் உயிருடன் இல்லை.

அவருடன் பணியாற்றிய சிலர் வேறு துறைகளிலும் புகழ் பெற்றனர். கீத் ஓல்சன் 1975 இல் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் இசைத்தொகுப்பைத் தயாரித்தார். சாண்டி சாலிஸ்பரி, கிரகாம் சாலிஸ்பரி என்ற பெயரில் இளையோருக்கான புதின எழுத்தாளர் ஆனார்.

முக்கிய இசைத்தொகுப்புகள்

1964 - தி கோல்ட்பிரையர்ஸ் (கோல்ட்பிரையர்ஸ் குழுவுடன்)
1966 - அண்ட் தென்... அலாங் கம்ஸ் தி அசோசியேஷன் (தயாரிப்பாளர்)
1968 - பிரசன்ட் டென்ஸ் (சஜிட்டேரியஸ்)
1968 - பிகின் (தி மில்லேனியம்)
1973 - தேர்ஸ் ஆன் இன்னசன்ட் ஃபேஸ் (தனித் தொகுப்பு)