நியூட்டன் ஐயர் பெற்ற மறு தருணம்

காதலும் அபாயமும் விசுவாசமும் விரவிய கற்பனைக் கதைகளை நாம் ஆவலோடு வாசிக்கின்றோம். அவற்றில் மனந்திரும்பிய கதாநாயகன் கடைசி ஏட்டிற்குள் முற்றும் புதிய மனிதனாகி விடுகின்றான். மெய்ச் சரித்திரத்தில் அஃது அத்துணை எளிதன்று என்பதற்கு, ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் கீர்த்தனையை இயற்றிய ஜான் நியூட்டன் ஐயரின் வாழ்க்கையே சான்றாகும்.

இவர் 1725-ஆம் வருடம் ஜூலை 24-ஆம் தேதி இலண்டன் மாநகரில் ஒரு கப்பல் தலைவருக்குக் குமாரராகப் பிறந்தார். பக்தியிற் சிறந்த அன்னையார், மகனுக்கு ஏழு வயது நிறையுமுன்னரே க்ஷயரோகத்தால் இறந்தார். பதினோராம் வயதில் பாலகர் தந்தையுடன் கடலேறினார். 1742-இல் ஜமெய்க்காவுக்குப் புறப்படவிருந்த சமயத்தில், தாயாரின் சிநேகிதராகிய காட்லெட் குடும்பத்தாரைக் காணச் சென்றார். அவ்வீட்டு மூத்த குமாரத்தியாகிய மேரி அம்மையாருக்கு அப்பொழுது பதினான்கு வயது நிறையவில்லை. அன்று அரும்பிய அன்பு இறுதிவரை மாறவில்லை. அவ்வில்லத்தை விட்டுப் பிரிய மனமின்றி வேண்டுமென்றே நாள் கடத்தினார். கப்பல் அவரை விட்டுச் சென்றது.

1744-இல் அவரைப் போர்க்கப்பற் சேவைக்குப் பலவந்தமாய்ப் பிடித்துச் சென்றனர். தப்பியோடிப் பிடிபட்டுச் சவுக்கடியுண்டார், பதவியும் இழந்தார். தெய்வபயம் அற்றுப்போன அந்நாட்களில், தற்கொலையினின்று அவரைத் தடுத்தது மேரி அம்மையாரின் நினைவொன்றே. பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியின் கீழ் அமர்ந்து, சுரத்தாலும் பசியாலும் வாடினார். அந்நிலையிலும் தம்மிடமிருந்த யூக்ளிடின் க்ஷேத்திர கணித நூலை விடாமல், கடற்கரை மணலிற் கோலால் உருவங்கள் வரைந்து பயின்றார். விலங்கிடப்பட்டிருந்த அடிமைகள் சிலர், தங்களுக்குக் கிடைத்த அற்ப உணவில் ஒரு பங்கை இரகசியமாக அவருக்குக் கொடுத்தனர். இதனை நாம் மறத்தலாகாது.

தந்தையின் வேண்டுகோளின்படி அவரைத் தேடிவந்த ‘கிரேஹவுண்டு’ என்னும் கப்பலில், மேரி அம்மையாரை மறுபடி காணலாமென்னும் ஆசையாலேயே ஏறினார். 1748 மார்ச்சு மாதத்தில் ஒரு நள்ளிரவு பெரும்புயல் தாக்கிக் கப்பலின் பக்கம் உடைந்தது. மேற்றளத்திற்கு ஏறிய நியூட்டனைக் கத்தியொன்று கொண்டுவருமாறு தலைவர் திருப்பியனுப்பினார். அவருக்குப் பதிலாக மேலே சென்றவனை அலை வாரிக்கொண்டு போயிற்று. ஏற்றியிருந்த தேன்மெழுகும் இலேசான மரமுமே கப்பலை மிதக்கச் செய்தன. பல மணி நேரம் நீரிறைத்து, பின்பு சுக்கானைப் பிடித்து நின்ற அவர், தாம் பரிகசித்த கடவுளை நோக்கி முதன்முறையாகக் கெஞ்சினார். ஏறக்குறைய நான்கு வாரங்களுக்குப் பின் கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. ஆண்டுதோறும் மார்ச்சு 21-ஆம் நாளை அவர் உபவாசத்தோடும் ஸ்தோத்திரத்தோடும் அனுசரித்து வந்தார்.

1750-இல் மேரி அம்மையாரை மணந்தார். கதையாயின் இங்கே முடிந்திருக்கும். ஆனால் அதே ஆண்டில் அவர் அடிமைக் கப்பலின் தலைவராகப் புறப்பட்டார். மூன்று பிரயாணங்கள் செய்தார். ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார். மனைவிக்கு அன்பு ததும்பும் கடிதங்கள் வரைந்தார். கீழ்த்தளத்திலோ, அவ்வாறே அன்புற்றாரைப் பிரிந்தோர் விலங்கில் கிடந்தனர். தமக்கு அன்னமளித்த கைகளையொத்த கைகளுக்கே அவர் விலங்கு பூட்டினார். 1754-இல் கடலை விட்டதும் திடீரெனக் கண்ட நோயினாலேயன்றி மனச்சாட்சியினாலன்று.

லிவர்ப்பூலில் சுங்க உத்தியோகம் வகித்தபின், 1764-இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்னும் ஊரில் ஊழியஞ் செய்தார். அங்கே 1773 புத்தாண்டுப் பிரசங்கத்திற்கென மேற்கூறிய கீர்த்தனையை எழுதினார். கவிஞர் கூப்பருடன் சேர்ந்து 1779-இல் ‘ஓல்னி கீதங்கள்’ என்னும் தொகுதியை வெளியிட்டார். 1785-இல் வில்பர்போர்ஸ் என்னும் இளம் பிரபு ஆலோசனை கேட்டு வந்தபொழுது, பார்லிமெண்டை விட்டு விலகாமல் அங்கேயே கடவுளுக்குத் தொண்டு செய்யும்படி புத்தி கூறினார். கடலை விட்டு 34 ஆண்டுகளுக்குப் பின், 1788-இல், அடிமை வியாபாரத்தின் கொடுமைகளைத் தம் குற்றத்தையும் மறையாது வெளியிட்டார். அரசாங்க விசாரணையிலும் சாட்சி பகர்ந்தார். 1790-இல் மேரி அம்மையார் மறைந்தார். 1807 மார்ச்சில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவ்வியாபாரத்தை விலக்கிச் சட்டம் நிறைவேற்றிற்று. அதே ஆண்டு டிசம்பர் 21-இல் ஐயர் இளைப்பாறினார்.

புயலில் கிடைத்த தருணத்தை அவர் முழுமையாய்ப் பயன்படுத்த நாற்பது ஆண்டுகள் சென்றன. அத்தாமதத்திற்கு விலை கொடுத்தவர் அவரல்லர். அவர் கப்பலில் விலங்குண்டிருந்தோரே. கிருபையைப் பாடும் நாம், அது நம்மிடம் கேட்கும் செயலை நாளைக்கென்று ஒத்திவையாதிருப்போமாக.