உடுப்பும் உரிமையும்: அண்ணலின் கோட்டு சொல்லும் வரலாறு

தமிழ்நாட்டுச் சேரிகளின் முகப்பில் நிற்கும் அண்ணல் அம்பேத்கர் சிலைகளுள் பல இரும்புக் கூண்டுகளுக்குள் நிற்கின்றன. நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, கண்ணாடி, கையில் அரசமைப்புச் சட்டம். சிலையைச் சிதைப்போரிடமிருந்து காக்கவே கூண்டு என்று நிர்வாகம் சொல்கிறது. அந்தக் கோட்டைப் பற்றி இரண்டு கேள்விகள் நம்மிடம் வருகின்றன. ஏழை மக்களின் தலைவர் ஏன் மேல்நாட்டு உடை உடுத்தினார் என்பது வெளியாரின் கேள்வி. உயர்பதவிக்குச் செல்லும் நாம் எதை உடுத்துவது, நம் இயல்பை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் கேள்வி. இரண்டுக்கும் விடை அண்ணலின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

உடை என்பது சாதியச் சமூகத்தில் தனிமனித விருப்பமாக ஒருபோதும் இருந்ததில்லை. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர்க்குப் பிணத்தின் ஆடையையும் இரும்பு அணிகலனையும் விதிக்கிறது. அந்த விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1928இல் இந்தூர்ப் பகுதியின் பலாய் மக்கள்மீது ஆதிக்கச் சாதியினர் திணித்த கட்டளைகளை அண்ணல் தமது சாதி ஒழிப்பு உரையில் எடுத்துக்காட்டினார். சரிகைக் கரை வைத்த தலைப்பாகை கூடாது, வண்ணக் கரை வேட்டி கூடாது, பெண்கள் பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது என்பன அவற்றுள் சில. 1930 டிசம்பரில் நம் இராமநாதபுரம் மாவட்டத்திலும் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் அணியக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவுசெய்திருக்கிறார். கோட்டு என்ற சொல்லே தடைப் பட்டியலில் இடம்பெற்றிருந்த காலத்தில்தான் அண்ணல் கோட்டு அணிந்தார்.

அவர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். மகர் மக்களுக்கு ஊருக்குள் மறுக்கப்பட்ட மதிப்பான உடை முதலில் கிடைத்தது படையின் சீருடையில்தான். அந்த வாயிலையும் பிரித்தானிய அரசு 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தி அடைத்துவிட்டது. ஓய்வுபெற்ற சுபேதாரின் மகன் சத்தாரா பள்ளியில் மற்ற மாணவரோடு அமர முடியவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச் சாக்கில் தனியே அமர்ந்தார். மாலையில் அந்தச் சாக்கையும் வீட்டுக்கே சுமந்து சென்றார்.

1901 வாக்கில் நிகழ்ந்த பயணம் ஒன்றை அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். வேறூரில் பணியாற்றிய தந்தையைக் காண அவரும் அண்ணனும் அக்காள் மகன்களும் புறப்பட்டனர். புதுச் சட்டை, மின்னும் தொப்பி, புதுக் காலணி, பட்டுக்கரை வேட்டி என்று நால்வரும் திருத்தமாக உடுத்தியிருந்தனர். மசூர் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கிய அவர்களைப் பார்ப்பனப் பிள்ளைகள் என்று எண்ணி நிலைய அதிகாரி பரிவோடு விசாரித்தார். மகர்கள் என்று அறிந்த நொடியில் அவர் முகம் மாறியது. மாட்டுவண்டிக்காரர் எவரும் ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியோட்ட, வண்டிக்காரர் உடன் நடந்துவந்தார். இரவு முழுவதும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. நல்ல உடை ஒருவரின் சாதியைச் சற்று நேரம் மறைக்கும், ஆனால் அழிக்காது என்பதை அந்தச் சிறுவன் ஒன்பது, பத்து வயதிலேயே அறிந்துகொண்டான்.

1913இல் பரோடா அரசரின் உதவித்தொகையோடு நியூயார்க் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பயிலத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் நாடு திரும்பி, ஒப்பந்தப்படி பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் மிகச் சிலருக்கே வாய்த்த படிப்பு. மேல்நாட்டில் பழகிய உடையும் நடையும். ஆயினும் அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு வந்த பார்சிகள் அவரை வெளியேற்றினர். தலைசாய்க்க இடமின்றிப் பொதுப்பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு அன்றிரவே பம்பாய்க்குத் திரும்பினார்.

1918 நவம்பரில் சிடென்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சேமித்த பணத்தோடும் கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியோடும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்று படிப்பை முடித்தார். 1923இல் பாரிஸ்டராகத் திரும்பிப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். அப்போதும் அவர் குடும்பம் பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில்தான் வாழ்ந்தது. நீதிமன்றத்தில் கோட்டும் அங்கியும்; வீட்டிலோ தளர்வான எளிய உடையும் புத்தகங்களும். இடத்துக்கேற்ற உடை என்ற இந்த ஒழுங்கை அவர் கடைசிவரை கைவிடவில்லை.

உடையின் அரசியலை அவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிப் பருகினார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அங்கே மனுநூல் எரிக்கப்பட்டது. அந்த மாநாட்டில் பெண்களிடம் தனியே பேசினார். பிற சாதிப் பெண்கள் உடுத்துவதுபோலக் கணுக்கால்வரை சேலை உடுத்தவேண்டும். சாதியை அடையாளம் காட்டும் கனத்த அணிகலன்களைக் கழற்றிவிடவேண்டும். உடை கிழிந்திருந்தாலும் தூய்மையாக இருக்கவேண்டும் என்று எடுத்துரைத்தார். அங்கேயே பலர் சேலைக்கட்டை மாற்றிக்கொண்டனர். புதுச் சேலை வாங்கப் பணம் தேவைப்படவில்லை. உடுத்தும் முறையை மாற்றும் துணிவே தேவைப்பட்டது.

பதவி உயர்ந்தபோதும் சாதி பின்தொடர்ந்தது. 1929இல், தாழ்த்தப்பட்டோரின் குறைகளை ஆராய பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அவர் சாலிஸ்கான் சென்றார். மகர் ஒருவரை ஏற்றிச்செல்லக் குதிரைவண்டிக்காரர் எவரும் ஒப்பவில்லை. குடியிருப்பு மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழகாத ஒருவரை ஓட்டச் செய்தனர். வண்டி நிலைதடுமாற, தூக்கியெறியப்பட்ட அண்ணலுக்குக் கால் முறிந்தது. அரசுக் குழு உறுப்பினர், பாரிஸ்டர் என்ற தகுதிகள் ஒரு வண்டிக்காரரின் சாதிப் பெருமைக்கு முன் செல்லவில்லை.

அடுத்த ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் இரட்டைமலை சீனிவாசனாரோடு ஒடுக்கப்பட்டோரின் பேராளராக அமர்ந்தார். இரண்டாம் மாநாட்டுக்கு வந்த காந்தியார் அரையாடையோடு பக்கிங்காம் அரண்மனைக்குள் சென்றதை உலகம் வியந்தது. அந்த அரையாடையை அவர் ஏற்றது 1921 செப்டம்பரில் மதுரையில். ஏழைகளோடு ஒன்றும் நோக்கத்தில் அவர் எடுத்த முடிவு அது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கழற்றுவதற்கு ஒருவரிடம் முதலில் சட்டை இருக்கவேண்டும். சட்டையே தடைசெய்யப்பட்ட மக்களுக்கு அரையாடை எளிமையின் சின்னமாகாது. அது அவர்கள்மீது சுமத்தப்பட்ட தண்டனை. அவர்களின் பேராளர் முழு உடையில் அமர்ந்ததே ஓர் உரிமைக்கோரிக்கை.

1942 சூலையில் அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அலுவலகத்தில் அமர்ந்து ஆணையிடுவதோடு நிற்காமல் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் நேரில் சென்று தொழிலாளரின் நிலையைப் பார்வையிட்டார். 1947இல் விடுதலை இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரானார். ஆகஸ்ட் 29 அன்று அரசமைப்பு வரைவுக்குழு அமைக்கப்பட்டு, அவர் அதன் தலைவரானார். கதர் ஆடையே நாட்டுப்பற்றின் சீருடையாகக் கருதப்பட்ட அவையில், பதவிக்காகத் தம் தோற்றத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டபோது, 1951இல், பதவியையே துறந்தார். கோட்டு அவருக்குப் பதவி தந்த உடை அல்ல என்பதால், பதவி போனபின்னும் கோட்டு இருந்தது.

ஆனால் அவர் கோட்டுக்கு அடிமையும் அல்லர். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பவுத்தம் ஏற்றபோது வெள்ளை உடையில் நின்றார். அவரைப் பின்பற்றிய இலட்சக்கணக்கான மக்களும் வெண்ணிற ஆடையில் திரண்டனர். வாழ்நாள் முழுதும் சமத்துவத்தைக் கோரக் கோட்டு அணிந்தவர், தம் மக்களோடு புதிய அறம் ஏற்ற நாளில் அவர்களின் நிறத்தையே உடுத்தினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார்.

இந்த வாழ்க்கையிலிருந்து, உயர்பதவியேற்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பணியிடம் கேட்கும் ஒழுங்கைக் குறைவின்றிப் பின்பற்றுங்கள். விலையைவிட அளவும் தூய்மையும் முதன்மை. உங்களுக்குப் பிடித்த நீல நிறத்தையோ, சேலைக்கட்டையோ, பாட்டி தந்த மூக்குத்தியையோ யாரோ முகம் சுளிப்பார்கள் என்பதற்காகக் கழற்ற வேண்டியதில்லை. சாதியை மறைப்பதற்காக மட்டும் ஒன்றை உடுத்தாதீர்கள். மசூர் நிலையத்தில் அது பயன்படவில்லை, இன்றைய அலுவலகங்களிலும் பயன்படாது.

உடை தனியே சாதியை வீழ்த்தாது என்பதால்தான் அண்ணல் சட்டத்தின் பக்கம் சென்றார். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 3(1)(இசட்ஏ) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் புத்தாடையோ காலணியோ அணிவதைத் தடுப்பது அதன்படி தண்டனைக்குரிய குற்றம். இந்தத் திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. விடுதலை பெற்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்தும் புத்தாடையைக் காக்கச் சட்டம் எழுதவேண்டியிருந்தது என்பது இந்நாட்டுக்கு வெட்கம். அச்சட்டம் இருக்கிறது என்பது நமக்கு ஆயுதம். உடையின் பெயரால் இழிவுசெய்யப்படும் எவரும் காவல்நிலையத்தில் இந்த உட்பிரிவைப் பெயர்சொல்லிப் புகாரில் எழுதவேண்டும்; பதிவுசெய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் செல்லவேண்டும். அண்ணலின் கோட்டு நமக்கு விட்டுச்சென்ற பணி அது.